உதடு மட்டும் பாக்கி

நாகலக்ஷ்மி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் மகள் அனன்யாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கு வயிறு எரிந்தது. என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

அமெரிக்காவில், இந்த பிளானோவில் எங்கள் தெருவுக்குக் கொலு என்றால் நாகலக்ஷ்மி வீட்டுக் கொலுதான். ஈரோட்டில் எங்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கமே கிடையாது. ஆகவே அவளுடைய பொம்மைகளைப் பார்த்து எனக்கு ஒரு பொறாமையும் இல்லை. பொறாமையெல்லாம் என் பிள்ளையால்தான். ஆறாம் வகுப்பில் ஓல்மெக் மக்களைப் பற்றி புராஜெக்ட் கொடுத்திருந்தார்கள். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் மெக்ஸிகோவில் வாழ்ந்தவர்களாம், ஆளைவிட உயரமாகக் கல்லில் வெறும் தலையை மட்டும் செதுக்கி வைத்தவர்களாம். நான் அன்றைக்கே களிமண், பெயின்ட் எல்லாம் வாங்கி வந்து மேஜையில் வைத்தேன். ஆபீஸ் மீட்டிங் முடிந்து ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் பிள்ளையைக் காணோம். ஆன்ட்டி வீட்டில் பேப்பர் கூழில் செய்கிறாளாம். களிமண் இன்னும் கவர் பிரிக்காமல் கிடக்கிறது. அன்றிலிருந்து சாப்பிட உட்கார்ந்தாலும் ஆன்ட்டி புராணம்தான். பெற்றவள் நான், பேர் அவளுக்கு!

"வாங்கோ தாமரை! உங்க பொண்ணுக்கு என்ன கைவேலை தெரியுமா!" என்றபடி நாகலக்ஷ்மி எனக்குக் குங்குமம் நீட்டினாள். என் பெண்ணைப் பற்றி எனக்கே சர்ட்டிஃபிகேட்.

செட்டியார் பொம்மையைத் தாண்டித் தரையில் பூசணிக்காய் அளவில் ஒரு சாம்பல்நிறத் தலை இருந்தது. தொப்பி, அகன்ற மூக்கு, நெரித்த புருவம். நெற்றியில் குங்குமம். மற்ற பொம்மைகளுக்கு வைத்த கையோடு அதற்கும் வைத்துவிட்டாள்.

"ஆன்ட்டி! ஓல்மெக்ஸ் டோன்ட் வேர் பொட்டு!"

"கொலுவுக்கு வந்துட்டா எல்லாருக்கும் உண்டுடி."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"சக்கர வண்டிகூட இல்லாம அவாள்லாம் எங்கேர்ந்தோ அவ்ளோ பெரிய கல்லை இழுத்துண்டு வந்தாளாம், தெரியுமோ?" என்றாள் நாகலக்ஷ்மி.

"தெரியுங்க" என்றேன். எனக்கு எங்கே தெரியும்?

"ஒவ்வொரு ஹெட்டும் வேற வேற ஃபேஸ் அம்மா. ரியல் பீப்பிள். அவங்களோட ரூலர்ஸா இருக்கலாமாம்."

"ஓ! அப்ப இது உன்ற ஆன்ட்டியாக்கும்?" கேட்ட பிறகுதான் என் குரல் எனக்கே கசந்தது.

"நோ! இட்ஸ் யூ."

நாகலக்ஷ்மி தலையில் அடித்துக்கொண்டாள். "உங்க போட்டோவை வெச்சுண்டு என் உயிரை வாங்கறா. மூக்கு சரியில்லைன்னு எத்தனை தரம் பிச்சுப் போட்டா! உங்காத்துல பண்ணினா நீங்க பார்த்துடுவேளாம்."

குனிந்து பார்த்தேன். தொப்பியின் ஓரத்தில் காதை மூடியிருந்தது என் ஹெட்செட். புருவம், மீட்டிங்கின் நடுவே அவள் கதவைத் திறந்தால் நான் நெரிக்கும் அதே புருவம். ஐயோ, இப்படியா இருக்கிறேன்?

வாய் இருக்கவேண்டிய இடத்தில், இரண்டு ஓரமும் கீழே வளைந்து பென்சில் கோடு மட்டும் இருந்தது.

"போட்டோல மைக் மறைக்குது. சிட் ஹியர் அம்மா." அனன்யா பிரஷ்ஷை நனைத்து என் முகத்துக்கு நேரே வந்து உட்கார்ந்தாள். இவ்வளவு கிட்டத்தில் அவள் என்னைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"டோன்ட் ஸ்மைல். எப்பவும் மாதிரி வை."

உதட்டை இறுக்கிக்கொண்டேன். அது ஒரு நிலையில் நிற்கவில்லை. பிரஷ் நுனியில் சிவப்புச் சொட்டு திரண்டு தொங்கிக்கொண்டிருந்தது.