மருந்தில்லாத தோட்டா

கணவனைவிடத் தான் நன்றாகச் சுடுகிறாள் என்பது கஜந்தினிக்குத் தெரிந்த அன்றே றமணனுக்கும் தெரிந்துவிட்டது. அன்றைக்கு அவன் சிரித்தான். "என்ரை மனிசி என்னை வெண்டிட்டா" என்று கிளப்பில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். அடுத்த வருடமும் சொன்னான். அதற்கடுத்த வருடம் சொல்லவில்லை.

புலம்பெயர்ந்து வந்த குரோய்டனில் அவர்களுக்குச் சொந்த வீடு. றமணன் கார் ஓட்டப் பழக்குபவன். கஜந்தினி ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்தாளர். ஊருக்கு வெளியே மலைச்சரிவில் இருந்த சுடும் கிளப்புக்கு முதலில் போனவன் அவன்தான். பக்கத்து வீட்டு டெரெக் கூட்டிக்கொண்டு போனான். டெரெக்தான் அந்தக் கிளப்பின் அணித் தலைவன். சாதாரணக் கைத்துப்பாக்கிக்கு இந்த நாட்டில் இடமில்லை. முழங்கை நீளத்துக்குக் குழாயும், பிடிக்குப் பின்னால் வால்போல ஒரு கம்பியும் உள்ள ரிவோல்வர்தான் வைத்திருக்கலாம். அதற்கும் பொலிஸ் வந்து இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்து, ஆயிரம் கேள்வி கேட்டுத்தான் அனுமதி கொடுக்கும். பெட்டி சுவரில் ஏறிய அன்று றமணனின் அக்கா செல்வமலர் டூட்டிங்கிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "அங்கை துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்தனாங்கள். இஞ்சை காசு குடுத்துச் சுடுறியளோ?" என்று கேட்டாள்.

கஜந்தினிக்கு அதற்குப் பதில் இருந்தது. தன் கையில் இருக்கும்போது அந்தச் சத்தம் அவளைப் பயமுறுத்தவில்லை. அதுதான் பதில்.

கடைத் தோட்டா அவளுக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் கை மேலே எகிறியது. நேரம் குறித்த சுற்றில் குறியைத் திரும்பப் பிடிப்பதற்குள் இலக்கு அட்டை மறுபக்கம் திரும்பிவிடும். ஆகவே தாங்களே தோட்டா நிரப்புவது என்று முடிவெடுத்தார்கள். என்ன குண்டு, என்ன வெடிமருந்து என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்தவள் அவள்தான். இலேசான குண்டு அட்டையில் சிதறியது. கனமான ஈயக் குண்டு மெதுவாகப் போனாலும் ஒரே இடத்தில் போய்க் குந்தியது. விசை இலேசாக இழுபட அதன் சுருளை இளக்கியிருந்ததால், மருந்தைப் பற்றவைக்கும் கேப் கெட்டியாக இருந்தால் சில நேரம் வெடிக்காமல் நின்றது. கொஞ்சம் விலை கூடிய, மென்மையான கேப்பைத் தேடிப் பிடித்தாள்.

தோட்டா நிரப்பும் பிரெஸ் வாங்குவதில்தான் இருவருக்கும் ஒத்துவரவில்லை. அவள் கேட்டது ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்யும் பழைய மாதிரி. அதில் வெறும் பித்தளைக் கோதுகளையெல்லாம் மரத்தட்டில் நிறுத்தி, மருந்து போட்டபின் டோர்ச் அடித்துப் பார்க்கலாம். மருந்து விழாத கோது கண்ணுக்குத் தப்பாது. றமணன் வாங்கி வந்தது சுழலும் தட்டு வைத்தது. கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு கோதில் கேப் ஏறும், அடுத்ததில் மருந்து விழும், மற்றதில் குண்டு இறங்கும், இழுப்புக்கொரு தோட்டா.

"மருந்து குறைஞ்சால் கத்துற சாமான் ஒண்டு இருக்காம். அதையாவது பூட்டுங்கோ" என்றாள்.

"எனக்குக் கண் இருக்குத்தானே. நீர் பேசாமல் இரும்."

சனி ஞாயிறுகளில் அவளுக்கு ஷிப்ட். அதனால் இருவருக்குமான தோட்டாவையும் கராஜில் அவனே நிரப்பினான். அவளுக்குச் சிவப்புப் பெட்டி, அவனுக்கு நீலப் பெட்டி.

அந்தக் கோடையில் மாவட்ட அணிக்கு நால்வரைத் தெரிவு செய்தார்கள். கடைசித் தெரிவுப் போட்டிக்கு வந்தபோது கஜந்தினி இரண்டாமிடத்தில் இருந்தாள். றமணன் ஐந்தாமிடம். மைதானத்தில் காரிலிருந்து இறங்கும்போது றமணன், "உமக்கென்ன, கண்ணை மூடிச் சுட்டாலும் தெரிவுதான்" என்றான். வாழ்த்து என்று நினைத்து அவள் சிரித்தாள்.

வேகச் சுற்று. அட்டை திரும்பியது. முதல் வெடி, இரண்டாவது, இரண்டும் நடுவில். மூன்றாவதற்கு விசையை இழுத்தபோது சத்தம் வேறு மாதிரி இருந்தது. காதுக்கவசத்துக்குள் யாரோ விரலால் சுண்டியதுபோல ஒரு 'டப்'. கை எகிறவில்லை. பழகிய விரல் அடுத்த வெடிக்கு விசையைப் பாதிவரை இழுத்துவிட்டிருந்தது. "ஸ்டொப்! ஸ்டொப்!" என்று பின்னால் நின்ற நடுவர் கத்தியபோதுதான் விரலை எடுத்தாள்.

கோதில் மருந்து இல்லை. கேப் மட்டும் வெடித்து, குண்டைக் குழாயின் நடுவரை தள்ளிவிட்டு நின்றுவிட்டது. அடுத்த குண்டு அதன் பின்னால் போயிருந்தால் குழாய் பிளந்திருக்கும். நடுவர் பித்தளைக் கம்பியால் அதைத் தட்டி எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். ஈயத்தில் குழாயின் வரிகள் மட்டும் பதிந்திருந்தன.

தோட்டாவில் கோளாறு என்றால் பொறுப்புச் சுடுபவருடையது. அந்தச் சுற்றின் மீதி வெடிகளுக்குப் பூச்சியம் போட்டார்கள். மீதிப் பெட்டியை நம்பி அவளால் அடுத்த சுற்றுக்குப் போக முடியவில்லை, பாதியில் விலகினாள். மாலையில் பெயர்களை வாசித்தபோது நான்காவதாக வந்தது றமணன். டெரெக் அவன் முதுகில் தட்டினான். கஜந்தினியிடம் வந்து, இப்படி யாருக்கும் நடக்கும் என்றான்.

வீட்டுக்கு வந்ததும் உடுப்பும் மாற்றாமல் கராஜுக்குப் போனாள். குண்டைக் கழற்றும் சுத்தியலில் சிவப்புப் பெட்டித் தோட்டாக்களை ஒவ்வொன்றாகச் செருகித் தரையில் அடித்தாள். மருந்து கொட்டியது, கொட்டியது, ஒன்றில் கொட்டவில்லை. இன்னும் சிலவற்றுக்குப் பிறகு இன்னொன்றிலும் கொட்டவில்லை. பிறகு நீலப் பெட்டியை எடுத்து அதையும் அடித்து முடித்தாள். எல்லாவற்றிலும் மருந்து இருந்தது.

றமணன் வாசலில் வந்து நின்றான். "என்னப்பா செய்யிறீர்? என்ரையையும் உடைக்கிறீர்?"

"என்ரையிலை இன்னும் ரெண்டு வெறுங்கோது. உங்கடையிலை ஒண்டும் இல்லை. என்னெண்டு?"

"இடையிலை போன் வந்தது. தட்டைக் கையாலை சுத்தினனான் போலை. மறந்திட்டன்."

"உங்கடையை நிரப்பேக்கை போன் வரேல்லையோ?"

"என்ரையை நான் குண்டு வைக்க முதல் ஒவ்வொண்டா லைற் அடிச்சுப் பார்த்தனான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு விளங்கியது. அவள் கையில் இருந்த சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"என்ரையை?"

"நேரம் போட்டுது. உமக்கு எப்பிடியும் கிடைக்கும் எண்டு நினைச்சன். வேணுமெண்டு செய்தனான் எண்டு நினைக்கிறீரே?"

"வேணுமெண்டு செய்திருந்தால் என்னைப் பற்றி ஒருக்கால் எண்டாலும் யோசிச்சிருப்பியள்" என்றாள் கஜந்தினி. "குழாய் வெடிச்சிருந்தால் என்ரை முகம் போயிருக்கும்."

"வெடிக்கேல்லைத்தானே."

"டெரெக்கிட்டைச் சொல்லி விலகுங்கோ."

"நான் விலகினால் அந்த இடம் உமக்கு வராது. வேறை ஆரோ ஒரு வெள்ளைக்குத்தான் போகும். அதிலை உமக்கென்ன லாபம்?"

அவன் சொன்னது உண்மை. அவளை ஆத்திரப்படுத்தியதும் அதுதான். இவ்வளவு தெளிவாக அவன் யோசித்து வைத்திருந்தான்.

அவன் விலகவில்லை. அடுத்த வாரம் அவள் தான் கேட்ட பழைய மாதிரிப் பிரெஸ்ஸை வாங்கி, கராஜ் மேசையின் மறு முனையில் பூட்டினாள். தன் தோட்டாவைத் தானே நிரப்பினாள். மருந்தை டோர்ச் அடித்துப் பார்த்தாள், திரும்பவும் பார்த்தாள். ஆனால் மைதானத்தில் நின்றால் ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் விரல் நின்றது. குண்டு வெளியே போனதா என்று காது கேட்டு முடித்த பிறகுதான் விரல் அசைந்தது. அதற்குள் அட்டை திரும்பிவிடும். தோட்டா நல்லது என்று தலைக்குத் தெரியும், விரலுக்குத் தெரியவில்லை. அதை எந்தப் பிரெஸ்ஸாலும் சரிசெய்ய முடியவில்லை.

மாவட்ட அணிக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. செல்வமலர் டூட்டிங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் எல்லோருக்கும் கொத்துரொட்டி சொன்னாள். துவக்கைப் பற்றிக் குறை சொன்ன அவளே தம்பியின் கழுத்தில் பதக்கத்தைப் போட்டுப் படம் எடுத்தாள்.

"உமக்கும் கிடைச்சிருக்க வேணும் எண்டு தம்பி சொன்னவன்" என்றாள் கஜந்தினியிடம். "பரவாயில்லை. வீட்டிலை ஒராளுக்குக் கிடைச்சால் காணும்தானே."

"என்ரை தோட்டாவிலை மருந்து இல்லை, மச்சாள்" என்றாள் கஜந்தினி. மேசையில் எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னாள். "இவர் தன்ரையைப் பார்த்துப் பார்த்து நிரப்பினவர். என்ரையைப் பார்க்கேல்லை."

றமணன் நீட்டிக்கொண்டிருந்த கறித்தட்டைக் கீழே வைத்தான். செல்வமலர் ஒரு கணம் முழித்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். "ஆம்பிளையள் அப்பிடித்தான். இந்த மனிசன் என்ரை தேத்தண்ணிக்குச் சீனி போட்டதே இல்லை!" என்று தன் கணவரைக் காட்டினாள். மேசை முழுக்கச் சிரித்தது. றமணனும் சிரித்தான், கொஞ்சம் பிந்தி.

திரும்பும் வழியில் கார் சிவப்பு விளக்கில் நின்றபோது அவன் கேட்டான்:

"எல்லாருக்கும் முன்னாலை ஏன் அதைச் சொன்னீர்?"

"ஒருத்தருக்கும் விளங்கேல்லைத்தானே" என்றாள் கஜந்தினி. "நீங்கள் பயப்பிடாமல் ஓட்டுங்கோ."