மாமனார் எழுந்திருக்கவில்லை

மகள் வீட்டில் கொஞ்ச நாள் தங்கலாம் என்று வந்த மாமனார், பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே தீர்ப்பு சொல்லிவிட்டார். "இந்த நாய் இருக்கிற வீட்டுல நான் இருக்க மாட்டேன்."

நாயின் பெயர் ஜமீன். செயின்ட் பெர்னார்ட் இனம். கன்றுக்குட்டி உயரம், தொங்கும் உதடு, அதிலிருந்து எந்நேரமும் வழியும் ஜொள்ளு. தலையை ஒரு சிலுப்பு சிலுப்பினால் மின்விசிறி வரைக்கும் தெறிக்கும். சட்டை மடிப்பு கலையாமல் ஆபீஸ் போய் வந்தே ஓய்வு பெற்ற மனிதருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"புல்டாக், மாஸ்டிஃப் எல்லாமே இப்படித்தான் மாமா. அந்த உதட்டுல எச்சில் நிக்காது. தின்பண்டத்தைப் பார்த்துட்டா குழாயைத் திறந்துவிட்ட மாதிரிதான்" என்றார் மாப்பிள்ளை.

"அப்போ குழாயை வேற வீட்டுல மாட்டுங்க!"

பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விட, வீட்டில் அவரும் ஜமீனும்தான். அது எதிரே உட்கார்ந்து அவர் வாயையே பார்த்தது. பாவம் பார்த்து ஒரே ஒரு ரஸ்க் போட்டார். மறுநாள் டப்பாவையே பக்கத்தில் வைத்துக்கொண்டார். அது மடியில் தலை வைத்துத் தின்னும். நனைந்த பேன்ட்டை அழுக்குக் கூடையின் அடியில் திணித்துவிடுவார். ரஸ்க் காலியானதற்கு மகளிடம் மாப்பிள்ளை திட்டு வாங்கியபோது மாமனார் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். ஆனால் வீம்பு மட்டும் குறையவில்லை. "இன்னும் அனுப்பலையா?" என்று தினமும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையில் மகள் சொன்னாள்: "உங்களுக்காகத்தான்பா. இவரோட ஃப்ரெண்ட் வண்டியோட வாசல்ல நிக்கிறார். ஜமீன் அவர் வீட்டுக்குப் போகுது."

மேஜைக்கடியில் அந்தக் கனத்த தலை மாமனார் மடியில்தான் இருந்தது.

"போகட்டும்" என்றது வாய். கை இன்னொரு ரஸ்க்கைக் கீழே நழுவவிட்டது.

"வந்து வழியனுப்புங்கப்பா."

"முட்டி வலிக்குது. நான் எழுந்திருக்கல."

"ஜமீன், வா!" மாப்பிள்ளை கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தார். நாய் அசையவில்லை. மாமனாரின் கை அதன் கழுத்தைச் சுற்றியிருந்தது.

அதற்குமேல் அவரால் முடியவில்லை. தொடை சொட்டச் சொட்ட எழுந்து நின்றார். "இந்த நாய் இல்லாத வீட்டுல நான் இருக்க மாட்டேன்! வண்டியைத் திருப்பி அனுப்புங்க!"

"வாசல்ல வண்டியே இல்ல மாமா" என்றார் மாப்பிள்ளை சாவகாசமாக. "இந்த வீட்டுல துணி துவைக்கிறது நான்தான்."