அண்ணி போட்ட நட்சத்திரங்கள்

எங்கள் துறைத்தலைவர் நாசமாய்ப் போகட்டும். எழுத்தில் இப்படிச் சொல்வது நாகரிகமில்லைதான். சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது.

என் ஆராய்ச்சி செர்பிய மொழியின் பெயர்த்தொடர் பற்றியது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘எ’, ‘தி’ என்று ஒட்டிக்கொண்டு வருமே, அந்த வகைச் சொற்கள் செர்பியத்தில் இல்லை, தமிழிலும் இல்லை. இப்படிப்பட்ட மொழிகளில் ‘இந்த’, ‘என்’, ‘பழைய’ எல்லாம் ஒரே தரம், இஷ்டத்துக்கு இடம் மாறி நிற்கலாம் என்பது தலைவரின் கொள்கை. அதை வைத்துத்தான் இத்தனை காலமும் மேடை மேடையாக மாலை வாங்கிக்கொண்டிருக்கிறார்.

செர்பியம் பேசுகிற ஆளைத் தேடி நான் அலையவில்லை. என் அண்ணியின் தாய்மொழியே அதுதான். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தபிறகு தமிழையும் பிடித்துக்கொண்டார். இப்போது என்னைவிட நன்றாகத் திட்டுவார். துணி மடித்துக்கொண்டே என் வாக்கியங்களைக் கேட்பார். பேச்சில் ஒவ்வாத வாக்கியத்தின் முன்னால் நட்சத்திரம் போடுவது எங்கள் தொழில் வழக்கம். அதைப் போடச் சொல்ல வேண்டியவர் அந்த மொழிக்காரர், நாங்கள் அல்ல. ‘ஓவா மோயா ஸ்தாரா கூச்சா’, அதாவது ‘இந்த என் பழைய வீடு’, சரி. ‘ஸ்தாரா’வைத் தூக்கி முதலில் வைத்தால் அண்ணி மூஞ்சியைச் சுளிப்பார்.

“ஐயே! குடிச்சிருந்தாக்கூட இப்படிப் பேச மாட்டாங்க. போடு நட்சத்திரம்!”

கருத்தரங்கில் தலைவர் பேசுகிறார் என்றதும் அண்ணியையும் அழைத்துப் போனேன். தன் மொழியைப் பற்றிப் பேசப்போகிறார்கள் என்று அவருக்கு அவ்வளவு பூரிப்பு. முன்வரிசையில் உட்கார்ந்தோம். நான் தலைவரிடம் கொடுத்திருந்த அண்ணியின் வாக்கியங்கள் திரையில் வந்தன. ஒன்றில்கூட நட்சத்திரம் இல்லை. அத்தனையையும் தலைவர் துடைத்து எடுத்திருந்தார். கீழே அவர் பெயரோடு என் பெயரும் இருந்தது.

அண்ணி கையைத் தூக்கினார். “சார், அந்த ரெண்டாவது தப்பு. நான் அப்படிச் சொல்லல.”

தலைவர் அண்ணியைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்தார். “இந்தத் தகவலாளி ஊரை விட்டு வந்து ரொம்ப வருஷம் ஆச்சு. இவங்களுக்கெல்லாம் தாய்மொழி மழுங்கிடும். அது அவங்களுக்கே தெரியாது. நான்தான் திருத்த வேண்டியதாப் போச்சு.”

சிலர் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துவிட்டேன்.

“திருத்த நீங்க யாரு சார்? அந்த மொழியில ஒரு வாய் தண்ணி கேக்கத் தெரியுமா உங்களுக்கு?”

“உட்காரும்மா. உன் ஆய்வேட்டுல நான் இன்னும் கையெழுத்துப் போடல.”

“நீங்களே வச்சுக்குங்க! முதல்ல என் பேரை அங்கேருந்து எடுங்க.”

அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினேன். பட்டம் போனால் போகிறது, அந்த ஆளின் மூக்கை உடைத்தாயிற்று என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் அண்ணன் மகள் பாப்பா ஓடிவந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு செர்பியத்தில் என்னவோ கேட்டாள். எங்களோடு தமிழ், அம்மாவோடு செர்பியம். பேசத் தொடங்கியதிலிருந்து அவளுக்கு அதுதான் பழக்கம். அண்ணி வாயெடுத்தார், நிறுத்தினார்.

“சாப்டியா செல்லம்?” என்றார் தமிழில்.

பாப்பா விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் தமிழிலேயே பதில். நான் அண்ணியைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“என்ன அண்ணி இது?”

“காலையில எங்கம்மாகிட்ட போன்ல பேசும்போது ஒரு வார்த்தை வரவேயில்ல.”

“எனக்கும்தான் வராது! எல்லாருக்கும்தான் வராது!”

“எனக்கே தெரியாம என் மொழி போயிருந்தா? தப்பையே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துட்டு இருந்தா?”

“அந்த ஆள் புளுகினான் அண்ணி! பச்சைப் புளுகு!”

நான் கத்தின கத்தலில் பயந்துபோய்ப் பாப்பா அழுதுகொண்டே உள்ளே வந்தாள். அம்மாவின் மொழியில்தான் அழுதாள். அண்ணி அவளைத் தூக்கித் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். சமாதானமாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.