அலை இழுத்ததாகச் சொன்ன பிள்ளை

பூபாலனைக் கடல் கொண்டுபோகவில்லை. கருங்குழியில் குடியிருந்தபோது குடல்வால் ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்தார்கள். மேசையிலேயே உடம்பு விறைத்து, அனலாய்க் கொதித்து, போய்ச் சேர்ந்தான். திருப்போரூருக்குக் குடிவந்த பிறகு அவன் அம்மா பொன்னியும் அப்பா சின்னராசுவும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். மாமல்லபுரத்தில் குளிக்கப் போனவனை அலை இழுத்துவிட்டதாம். இந்தக் கரையில் அப்படிச் சொன்னால் எவரும் மறுகேள்வி கேட்பதில்லை, உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வியாதிக் குடும்பம் என்று பேரெடுத்தால் மகள் ஷாரோனை யார் கட்டுவார்கள்?

பழைய ஆஸ்பத்திரியில் விசாரித்துக்கொண்டு டாக்டர் ரோகிணி ஒருநாள் வீட்டுக்கே வந்தார். மயக்க மருந்தால் தசை முறுக்கிச் சாகிறவர்களைப் பற்றி செங்கல்பட்டில் ஆராய்ச்சி செய்கிறவர்.

"இது பரம்பரையா வர்றதும்மா. மத்த பிள்ளைங்களுக்கும் இருக்கலாம். ரத்தம் குடுத்தா சோதிச்சுப் பாக்கலாம். எந்த ஆபரேஷன்னாலும் முன்னாடியே சொல்லிடுங்க. வேற மயக்க மருந்து இருக்கு, அதுல ஒண்ணும் ஆகாது."

"பொண்ணுக்குக் கல்யாணம் பேசிகினு கீறோம். இந்தப் பக்கமே வராதீங்க" என்று சின்னராசு கதவைச் சாத்தினான். ஆனால் டாக்டர் சொன்னது அத்தனையும் பொன்னியின் காதில் ஏறியிருந்தது.

கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை அடிக்கும் நேரத்தில், சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் வேலைக்குப் போன ஷாரோன் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் வலிக்கு ஊசி போட்டு நினைவில்லாமல் கிடந்தாள். மயக்க டாக்டர் வந்து கேட்டார்.

"குடும்பத்துல யாருக்காவது ஆபரேஷன்ல பிரச்சினை வந்திருக்கா?"

பொன்னியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் மாப்பிள்ளையின் அம்மா சுஜாதா. நல்ல மனுஷி. சேதி கேட்டதும் போட்டது போட்டபடி ஓடிவந்தவள்.

"இல்ல சார்" என்றாள் பொன்னி.

"பெரிய பையன் கடல்ல பூட்டான் சார், பாவம். வேற ஒண்ணுமில்ல" என்று சுஜாதா எடுத்துக்கொடுத்தாள்.

சம்பந்தி நகர்ந்ததும் டாக்டரைத் தனியாகப் பிடித்துச் சொல்லிவிடலாம் என்று பொன்னி நினைத்தாள். சுஜாதா நகர்ந்தால்தானே! டீ வாங்கி வந்து ஊட்டாத குறையாகக் குடிக்கவைத்தாள், ஜெபம் பண்ணினாள், கண்ணைத் துடைத்துவிட்டாள். பாத்ரூமுக்கு எழுந்தால் கூடவே வந்தாள். பாழாய்ப்போன அன்பு. திரும்பி வந்தபோது ஷாரோனின் கட்டில் காலியாக இருந்தது.

பொன்னி தியேட்டர் கதவுக்கு ஓடினாள். நர்ஸ் மறித்தாள்.

"டாக்டராண்ட ஒரு வார்த்தை சொல்லணும்மா."

"இன்னா, என்கிட்ட சொல்லு."

பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு சுஜாதா வந்து நின்றாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள் பொன்னி. கதவு சாத்திக்கொண்டது.

அண்ணனைப் போலவே தங்கையின் உடம்பும் விறைத்தது, கொதித்தது. அதை முறிக்க ஒரு மருந்து உண்டு. அந்த ஆஸ்பத்திரியில் இல்லை. சென்னையிலிருந்து வந்து சேர்வதற்குள் ஷாரோன் இல்லை.

சாவு வீட்டில் சின்னராசு வருகிறவர்களிடமெல்லாம், "தலையில உள்காயம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கடைசி மகன் சாமுக்கும் நாளை பெண் பார்க்க வேண்டுமல்லவா. சாம் பெட்டியின் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்தான். பொன்னி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றாள்.

"உள்காயம் இல்ல. மயக்க மருந்து. என் பெரிய புள்ளயும் அதுலதான் செத்தான், கடல்ல இல்ல. எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே வாய மூடிகினு இருந்தோம். இவனுக்கும் அது இருக்கலாம். எல்லாரும் கேட்டுக்குங்க, நாளைக்கு நான் இல்லாட்டி நீங்க சொல்லுங்க."

சின்னராசு தலையைத் தொங்கப்போட்டான். பெண்கள் நடுவிலிருந்து சுஜாதா எழுந்து வந்தாள். அறையப்போகிறாள் என்று பொன்னி கன்னத்தைக் கொடுத்து நின்றாள்.

"கூடவே இருந்தேனே அண்ணி" என்றாள் சுஜாதா. "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? அந்தக் கதவ ஒடைச்சுகினு நானே போயி சொல்லியிருப்பேனே."

இதற்கு அவள் அறைந்திருக்கலாம் என்றிருந்தது பொன்னிக்கு.