கறுப்புப் பையில் போன கிழங்குகள்

எங்கள் சதுப்பில் சனிக்கிழமைதோறும் களை பிடுங்கும் கூட்டத்துக்குப் பதினோரு வருஷமாக நான்தான் தலைவி. கருவிக் கொட்டகைக் கதவில் 'சந்தேகமா? பிடுங்காதே, அடையாளக் கொடி நடு' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்ததும் நான்தான். இதைச் சொல்லாமல் விட்டால் நான் பட்ட அவமானத்தின் கனம் உங்களுக்குத் தெரியாது.

ஜூலையில் பிரியோனி புதிதாகச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். எதையும் இரண்டு தடவை பார்ப்பாள். எனக்கு அவளை முதல் நாளே பிடிக்கவில்லை. அவளுடைய மூன்றாவது வாரம், தாள்பட்டை மரங்களின் அடியில் மடிப்பு மடிப்பாக நீண்ட இலைகளோடு செடிகள் கூட்டமாக நின்றன. பனைப்புல்லும் அப்படித்தான் இருக்கும், விட்டால் சதுப்பையே விழுங்கிவிடும் களை.

"நொலீன், இது சதுப்பு ஆர்க்கிட்டா இருக்குமோ? பூக்காதப்போ இலை இப்படித்தான் இருக்குமாம். கொடி நட்டுடலாமா?"

"முப்பது வருஷமா அது இங்க யார் கண்ணுலயும் படல. வந்து மூணு வாரம் ஆகல, உனக்குக் காட்சி குடுக்குதாக்கும்! பிடுங்கும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நானே வீம்புக்குக் குனிந்து பிடுங்கினேன். பதினேழு செடி.

கறுப்புப் பையில் திணிக்கும்போது ஒன்றிலிருந்து சேறு வழிந்து இறங்கியது. அடியில் பச்சையாக, பூண்டு பருமனில் கிழங்கு. பனைப்புல்லுக்குக் கிழங்கே கிடையாது. அப்போதே திருப்பி நட்டிருந்தால் அத்தனையும் பிழைத்திருக்கும். ஆனால் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை, பிரியோனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையின் வாயை இறுக்கிக் கட்டினேன். களையை வேக வைத்துக் கொல்வது போலவே வெயிலில் போட்டேன்.

செப்டம்பரில் பெரணிப் புதர் மறைவில் நான் பார்க்காமல் விட்ட ஒரே ஒரு செடி பூத்தது. இதழின் வெளிப்பக்கம் வெள்ளை, உள்பக்கம் செங்கல் நிறம். சந்தேகத்துக்கே இடமில்லை. வனக்காவலர் கிளைவ் முழங்கால் நனைய ஓடி வந்தார்.

"நொலீன் காவல் காக்கிற இடம்னா சும்மாவா! அறிக்கையில கண்டுபிடிச்சவங்கன்னு உன் பேரத்தான் எழுதப்போறேன். ஆனா ஒத்தச் செடியா நிக்குதே. ஒரு கூட்டமா இருந்திருந்தா நம்பிக்கையா இருக்கும்."

கன்னம் எரிந்தது. பிரியோனி பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டித் தப்பித்திருப்பேன்.

"கூட்டமாத்தான் இருந்துச்சு, கிளைவ். பதினேழ நான் பிடுங்கிட்டேன்."

கிளைவின் பேனா தாளிலேயே நின்றது. பிரியோனிதான் மெதுவாகச் சொன்னாள். "தெரியாமத்தானே பிடுங்கினீங்க."

அதைப் பிடித்துக்கொண்டு கரையேறியிருக்கலாம். ஆமாம் என்ற ஒரு சொல் போதும்.

"பிடுங்கினப்போ தெரியாது. பையக் கட்டினப்போ தெரியும்."

கிளைவ் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். பிரியோனி ஒரு கொடியை எடுத்துப் பூவுக்குப் பக்கத்தில் நட்டாள். என்னைக் கேட்கவில்லை.