செம்பூர் வீட்டின் மூன்றாவது விற்பனை

செம்பூரில் அந்த ஒற்றை மாடி வீட்டை நான் இரண்டு முறை விற்றிருக்கிறேன். ஸ்டேஷன் ஏழு நிமிஷம், பள்ளிக்கூடம் எதிர்ச் சந்தில், முருகன் கோயில் நடக்கிற தூரம், தண்ணீர் தாராளம். தரகன் சொன்னாலும் எல்லாம் நிஜம். அப்படியும் வாங்கியவர்கள் தங்குவதில்லை. முதலில் வாங்கிய பல் டாக்டர் பதினோரு மாதத்தில் கிளம்பிவிட்டார். அடுத்து வாங்கிய நகுல் ஒன்றரை வருஷத்தில் விற்கச் சொன்னான். இடம் போதவில்லையாம். இரண்டு பேருக்கு நாலு அறை போதாதா? காதில் பூச்சுற்றுகிறான் என்று நினைத்தேன்.

உண்மையைச் சொன்னது அவன் மனைவி சாதனாதான். மராத்திக்காரி, தமிழ் சுத்தமாகத் தெரியாது. காலை பதினோரு மணிக்குச் சமையலறையில் ஒரு பெண்குரல் கேட்கிறதாம். கேட்டதை அப்படியே ஒப்பித்துவிட்டு, என்ன அர்த்தம் என்று கேட்டாள்.

"பால் பொங்கறது பார், கேஸை அணை."

அந்த நேரம் அடுப்பில் பால் விளிம்பு வரைக்கும் வந்திருந்ததாம். சாதனா பாதியாக இளைத்திருந்தாள். சீக்கிரம் விற்றுக் கொடுங்கள் என்று கெஞ்சினாள்.

முதல் சொந்தக்காரியான அகிலாண்டம் மாமி செத்துப் பேயாக அலைகிறார் என்று தெருவில் பேச்சு. கேட்டவுடன் எரிந்து விழுந்தேன். மாமி முலுண்டில் மகன் வெங்கியோடு, பதினாலாவது மாடியில் உயிரோடு இருக்கிறார். விற்கவே மாட்டேன் என்றவரிடம் லிஃப்ட், கீழேயே டாக்டர், பால்கனிக் காற்று என்று பேசிப் பேசிக் கரைத்தவன் நான்.

புதிதாக வாங்க வந்தவரின் வங்கி பழைய பத்திரங்களைத் துருவியது. மாமி வீட்டை ஒப்படைத்த கடிதம் மட்டும் கோப்பில் இல்லை. அப்போது வாங்க மறந்தது என் தவறு. அதை மாமி இப்போது எழுதிக் கொடுத்தால்தான் கடன்; கடன் கிடைத்தால்தான் சாதனாவுக்கு விடுதலை.

கடிதத்தை டைப் அடித்து எடுத்துக்கொண்டு முலுண்ட் போனேன். அம்மா வந்த நாளிலிருந்து சரியாகப் பேசுவதில்லை, காலை பதினோரு மணி வாக்கில் கூப்பிட்டால்கூடக் காதில் விழுவதில்லை என்று வெங்கி குறைப்பட்டுக்கொண்டான். மாமி என்னைப் பார்த்ததும் நலம் விசாரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு அடுப்புல கவனமே இல்லைடா, பத்ரி."

சாதனாவை மாமி பார்த்ததே இல்லை. கடிதத்தை நீட்டினேன். மாமி விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். 'வீட்டை முழுவதுமாகக் காலி செய்து ஒப்படைத்துவிட்டேன்' என்ற இடத்தில் விரல் நின்றது.

"இது பொய்யில்லையோ? நான் எங்கே காலி பண்ணினேன்?"

அம்மாவுக்கு ஞாபகம் தடுமாறுகிறது என்று வெங்கி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"கையெழுத்துப் போட்டா, அப்புறம் என்னை அங்கே உள்ளே விடுவாளா?"

பாவி, நான் என்ன காரியம் செய்துவிட்டேன்! பேனாவை எடுத்து அந்த வரியைக் கோடு போட்டு நானே அடித்தேன். அந்த வரி இல்லாத கடிதத்தை எந்த வங்கியும் தொடாது. சாதனாவின் முகத்தில் இனி எப்படி விழிப்பேனோ தெரியாது.

"இப்போ போடுங்கோ, மாமி" என்றேன்.

மாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.