பழைய எண்ணெய்

புஷ்பா இலையில் வைத்த வாழைக்காய் பஜ்ஜிகளை லோகநாயகி ஒவ்வொன்றாக எடுத்துத் தூக்குச்சட்டியிலேயே திரும்பப் போட்டாள்.

“இன்னா அண்ணி இது? எங்கண்ணனுக்குப் புடிச்சது.”

“அதைத் தின்னுதான போய்ச் சேந்தாரு.”

பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஆம்பிளைகள் வாசலில் பேச்சை நிறுத்தினார்கள். கன்னியப்பனை நேற்றுத்தான் எரித்திருந்தார்கள். செத்தவனுக்குப் பிடித்ததையெல்லாம் படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இட்லி, சேமியா பாயசம், ஒரு கட்டு பீடி என்று லோகநாயகி தன் கையாலேயே வைத்திருந்தாள். புருஷன் இலையில் வேறு யார் கையும் படக்கூடாது அவளுக்கு.

“ஏண்டி, எழவு ஊட்லயா நாத்தனார் சண்டை?” என்றாள் கன்னியப்பனின் பெரியம்மா எல்லம்மா. “இதைக் கேட்டா எரிஞ்சவன்கூட எழுந்து ஓடிப்பூடுவான்.”

“டாக்டரே சொன்னாரு! ரத்தத்துல ஓடற கொழுப்பு, பழைய எண்ணெ மாதிரி காறிப்பூடுதாம். அதுதான் நெஞ்சுக் கொழாய்ல அப்பிக்கினு அடைக்குதாம். இவ கடையில நேத்து எண்ணெயிலயே இன்னிக்கும் சுடுவா.”

போன வருஷம் கன்னியப்பனுக்கு நெஞ்சுவலி வந்தபோது டாக்டர், “அப்படி இருக்கலாம்னு இப்ப சொல்றாங்க” என்றுதான் சொன்னார். பீடியையும் சேர்த்துத்தான் சொன்னார். லோகநாயகி எண்ணெயை மட்டும் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் வீட்டில் வடைச்சட்டி அடுப்பேறவில்லை. ஆனால் ஆவடி ஃபேக்டரி விட்டு ரயிலேறும் மனுஷன் வீடு இருக்கும் பட்டாபிராமில் இறங்காமல் அடுத்த ஸ்டேஷன் நெமிலிச்சேரிக்குப் போய், தங்கையின் பஜ்ஜிக் கடையில் உட்கார்ந்துவிட்டு வருவான். சட்டையை மோந்தாலே தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்தால் நாலு வாய் தின்றுவிட்டு, பேச்சில்லாமல் படுத்துவிடுவான். வயிறும் மனசும் அங்கேயே நிறைந்துவிட்டதாக்கும் என்று இவள் வெந்துகொண்டு கிடப்பாள்.

புஷ்பா தூக்குச்சட்டியை மூடினாள்.

“என் பஜ்ஜிய அவரு தொட்டே ஒரு வருசமாவுது அண்ணி. நீட்டினா, ‘வாணாம்மா, லோகா திட்டும்’னு கையை இஸ்துக்குவாரு. ஆசைய அடக்கிக்கினு பூட்டாரேன்னுதான் இன்னிக்குப் புது எண்ணெ வாங்கிச் சுட்டு எடுத்தாந்தேன்.”



“அப்ப தெனம் அங்க வந்து இன்னா பண்ணாரு?”

“சும்மா பேசிக்கினு இருப்பாரு.”

“பேசுவாரா?”

“வாயே ஓயாது. யாவாரம் பாக்க உட மாட்டாரு. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயித்த வலிக்கும்.”

இதற்கு அவன் அந்தப் பஜ்ஜியைத் தின்றே தொலைத்திருக்கலாம் என்று இருந்தது லோகநாயகிக்கு.

வாசலில் யாரோ, “நேரமாவுது, கற்பூரம் ஏத்துங்க” என்றார்கள். புஷ்பா எழுந்தாள். லோகநாயகி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“இன்னா பேசினாரு? ஒண்ணு உடாம சொல்லு.”

புஷ்பா மூக்கைச் சிந்திக்கொண்டு, “ஃபேக்டரியில ஒரு நாளு…” என்று ஆரம்பித்தாள்.

லோகநாயகி அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, துடைத்து வைத்திருந்த குத்துவிளக்கை மறுபடியும் துடைத்தாள். சொல்லிக்கொண்டே வந்த புஷ்பா சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்து நிறுத்திய இடத்தில் மட்டும் லோகநாயகியின் கை விளக்கின்மேல் நின்றது.